சிறிய கல்லூரியிலிருந்து நல்கைக்கு விண்ணப்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிறிய கல்லூரி ஆசிரியர்களின் நல்கை (ஆய்வுக்குக் கிடைக்கும் நிதியுதவி) விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே தவறுதான், வேஷம் மட்டும் மாறும்: பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவர் மாதிரி எழுதுவது. முனைவர் பட்ட மாணவர்கள் கிடையாது, பருவத்துக்கு நான்கு பாடம் எடுக்கணும், இருக்கிற ஒரே ஆய்வகமும் பாதி நாள் செய்முறை வகுப்புக்குப் போய்விடும். இதையெல்லாம் மூடி மறைத்துவிட்டு மூன்று ஆண்டில் ஐந்து நோக்கங்கள், எட்டுக் கட்டுரைகள் என்று அடுக்கினால், படிப்பவருக்கு முதலில் தோன்றுவது 'சரி, இதை யார் செய்வது, எப்போது செய்வது?' என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும், யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இதில் வேடிக்கை, சின்னதாக இருப்பதையே தகுதியாக வைத்திருக்கும் திட்டங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) இளங்கலைப் படிப்பை மையமாகக் கொண்ட கல்லூரிகளுக்காக நடத்திவந்த ஆர்.யு.ஐ. திட்டத்தில், இந்த ஆய்வால் உங்கள் கல்லூரிக்கும் மாணவர்களுக்கும் என்ன மாறும் என்று தனியாக ஒரு அறிக்கையே கேட்பார்கள். ஆராய்ச்சித் திட்ட விவரத்தை மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, இந்த அறிக்கையைக் கடைசி இரவில் 'மாணவர்கள் பயன்பெறுவார்கள்' என்று நாலு வரியில் முடிப்பவர்கள் நிறைய. எத்தனை மாணவர்கள், எந்த ஆண்டு மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கருவியை அவர்களே கையாள்வார்களா, முடிவில் அவர்கள் பெயர் கட்டுரையில் வருமா என்றெல்லாம் எழுதினால்தான் அதற்கு உயிர் வரும். அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) ஆர்-15 நல்கையும் இதே வகைதான். அந்த நிறுவனத்திடமிருந்து ஏற்கெனவே பெரும் தொகை வாங்கும் கல்லூரி அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. முன்னோட்டத் தரவு, அதாவது முன்கூட்டியே செய்து பார்த்த சோதனை முடிவுகள், கட்டாயமில்லை என்பது அதில் இன்னொரு வசதி. ஆனாலும் பெரிய பல்கலைக்கழக நண்பர் ஒருவரின் ஆர்-01 (அதே நிறுவனத்தின் பெரிய ஆய்வு நல்கை) விண்ணப்பத்தை வாங்கி, அதே அளவுக்கு இழுத்து நீட்டி அனுப்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மாதிரிக்கு ஒன்று வேண்டுமென்றால், உங்கள் அளவுள்ள கல்லூரியில் அதே நல்கையை வாங்கியவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

அடுத்தது நேரம். என் பார்வையில் பணத்தைவிட இதுதான் பெரிய சிக்கல். பட்ஜெட்டில் கருவி, ரசாயனம், பயணம் எல்லாம் இருக்கும், ஆசிரியரின் நேரத்துக்கு மட்டும் ஒரு வரி இருக்காது. 'மாலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கையில் எழுதிய திட்டம் முதல் தேர்வுக் காலத்திலேயே நின்றுவிடும். ஒரு பாடத்தைக் குறைத்துக் கொடுப்பார்களா, அந்த வகுப்பை யார் எடுப்பார், அதற்கான சம்பளத்தை நல்கையிலிருந்து கொடுக்கலாமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் பேசி, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன முதல்வர், பணம் வரும்போது அதே பதவியில் இருப்பார் என்று என்ன நிச்சயம்? சம்பளத்துக்கும் வரம்புகள் உண்டு. என்.எஸ்.எஃப். நல்கைகளில், எத்தனை நல்கை வைத்திருந்தாலும், மூத்த ஆய்வாளருக்கு ஓர் ஆண்டில் 2 மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்பது பொதுவாக நடக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்ஜெட்டிலேயே தனியாகக் காரணம் எழுத வேண்டும்.

இன்னொரு வேஷம், கல்லூரி சார்பில் தாராளமாக வாக்குக் கொடுப்பது. 'எங்கள் பங்காக இவ்வளவு போடுகிறோம்' என்று எழுதினால் மதிப்புக் கூடும் என்று நினைக்கிறார்கள். என்.எஸ்.எஃப்.பில், நல்கைக்கான அறிவிப்பில் கேட்காதபோது அப்படித் தொகை குறிப்பிட்டு எழுதுவதற்குத் தடையே இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும், எழுதிவிட்டால் அது கணக்கில் காட்ட வேண்டிய கடமையாகிவிடும், அப்புறம் நிதி அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஆள் உங்களைத் தேடி வருவார்.

அந்த ஒரே ஆள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய இடங்களில் ஆய்வு அலுவலகம் என்று தனியாக ஒன்று இருந்து படிவங்களைப் பார்த்துக்கொள்ளும். சிறிய கல்லூரியில் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் போனால் எல்லாம் நிற்கும். அமெரிக்க அரசு நல்கைகளுக்குக் கல்லூரியின் பெயரிலேயே பதிவுகள் இருக்க வேண்டும், அவை முடிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம், சிலவற்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் பதிவு காலாவதியானது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாட்டு நல்கையாக இருந்தாலும், முதலில் தகுதி யாருக்கு, தனி ஆசிரியருக்கா நிறுவனத்துக்கா என்று பாருங்கள். தலைப்பு நன்றாக இருக்கிறதே என்று உடனே எழுத உட்காராதீர்கள்.

நல்கை தரும் நிறுவனத்தின் திட்ட அலுவலரிடம் பேசத் தயங்குவதும் ஒரு தவறுதான். 'நம்மையெல்லாம் யார் மதிப்பார்கள்' என்ற கூச்சம். ஒரு பக்கச் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பி, இது உங்கள் திட்டத்துக்குப் பொருந்துமா என்று கேட்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. 'பொருந்தாது' என்று பதில் வந்தால்கூட இரண்டு மாதம் மிச்சம்.

பணித்திறன் பயிற்சிகள் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே பெரிய தவறு சான்றிதழ் சேர்ப்பது. இலவசமாக இருக்கிறது, பதவி உயர்வுக்கு உதவும் என்று ஒரு வாரப் பயிற்சிகளாகச் சேர்த்துக்கொண்டே போனால் கோப்பு தடிக்கும், அவ்வளவுதான். பதவி உயர்வுக்குத் தேவையானது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் வாய்ப்புகளை, 'ஒரு பருவம் முழுக்க யார் விடுப்புக் கொடுப்பார்கள்' என்று பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாமே நீண்டவை அல்ல. ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஆசிரியர் பரிமாற்றம் 2 நாளிலிருந்து 60 நாள் வரை இருக்கலாம். அமெரிக்க ஆசிரியர்களுக்கான ஃபுல்பிரைட் ஸ்பெஷலிஸ்ட் 2 முதல் 6 வாரம். இந்தியாவில் கல்லூரி ஆசிரியர்களுக்காக வந்த டேர் திட்டம், சொந்த வேலையை விடாமல் பகுதிநேரமாக ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்ய வழிசெய்தது. இவற்றில் பலவற்றுக்கு அழைக்கும் இடத்தின் கடிதம் வேண்டும், அதைக் கடைசி வாரத்தில் கேட்டால் 'வரவேற்கிறோம்' என்ற இரண்டு வரிதான் வரும். நீங்கள் அங்கே என்ன செய்வீர்கள், எந்தக் கருவியை அல்லது ஆவணங்களைப் பயன்படுத்துவீர்கள் என்பதை நீங்களே வரைந்து அனுப்பிக் கேளுங்கள். அவர்களும் சந்தோஷமாகத் திருத்திக் கையெழுத்துப் போடுவார்கள்.

கடைசியாக நிராகரிப்பு. கடிதம் வந்ததும் மதிப்பீட்டுக் குறிப்புகளைத் திறக்காமலே மூடிவைப்பவர்கள் உண்டு, அல்லது ஒரு வரியும் மாற்றாமல் அடுத்த சுற்றுக்கு அதையே அனுப்புவார்கள். என்.ஐ.எச்.சில் திருத்தி மறுபடி அனுப்ப ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் 37 மாதத்துக்குள். அதனால் குறிப்புகளை ஒரு வாரம் கழித்து, கோபம் அடங்கியபின் படியுங்கள். மூன்று மதிப்பீட்டாளர்களில் இருவர் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் அங்கே பிரச்சினை இருக்கிறது. ஒருவர் மட்டும் புரியாமல் எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியை மாற்றுங்கள், ஏனென்றால் அடுத்த முறை படிப்பவரும் அவசரத்தில்தான் படிப்பார்.