எல்நாட் தேர்வு: வாதத்தைப் பிரித்துப் படிக்கவும் 40 நிமிடத்தில் கட்டுரை எழுதவும் பழகுவது எப்படி?

பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் எல்நாட் (LNAT, சட்டப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு), சட்ட அறிவைச் சோதிக்கும் தேர்வன்று. முதல் பகுதியில் 12 பத்திகளும் அவற்றையொட்டி 42 கேள்விகளும் 95 நிமிடங்களுக்குத் தரப்படும். இரண்டாம் பகுதியில் மூன்று தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து 40 நிமிடத்தில் கட்டுரை எழுத வேண்டும். பதிவு, கட்டணம் முதலியவை தேர்வின் இணையதளத்தில் தெளிவாக இருப்பதால் நேரே பயிற்சிக்கு வருகிறேன்.

முதலில், அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வைக் கணினியிலேயே நேரம் வைத்து எழுதுங்கள். அச்சிட்டுப் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாளில் அடிக்கோடிட்டே படித்துப் பழகியவருக்குத் திரையில் நீண்ட பத்தியைப் பின்தொடர்வது கடினம்.

அடுத்து, ஒரு பத்திக்கும் அதன் கேள்விகளுக்கும் சேர்த்து எட்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். படித்து முடித்ததும் ஆசிரியரின் முடிவு என்ன, அதற்கு அவர் தரும் காரணம் என்ன என்று இரண்டே வரிகளில் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது படிதான் பலரும் சறுக்கும் இடம். எனக்கும் பிடிபட நாளானது இதுவே. வாதம் சொல்லாமல் அடியில் வைத்திருக்கும் அனுமானம் எது என்று கேட்பார்கள். “நூலகத்துக்கு வரும் இளைஞர்கள் குறைந்துவிட்டனர்; எனவே இளைஞர்கள் வாசிப்பைக் கைவிட்டுவிட்டனர்” என்று ஒரு வாதம் இருப்பதாகக் கொள்வோம். “வாசிப்பு நல்ல பழக்கம்”, “இளைஞர்கள் நூலகத்துக்கு வெளியே வாசிப்பதில்லை” என்று இரண்டு விடைகள் தரப்பட்டால், ஒவ்வொன்றையும் மறுத்துப் பாருங்கள். வாசிப்பு நல்ல பழக்கமன்று என்று கொண்டாலும் வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. இளைஞர்கள் கைப்பேசியிலும் வீட்டிலும் வாசிக்கிறார்கள் என்று கொண்டாலோ, நூலகத்துக்கு வருவோர் குறைந்ததைக் கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. ஆகவே இரண்டாவதே விடை. நமக்கு உடன்பாடான கருத்தை விடையாகக் குறிக்கும் பழக்கம் இந்தச் சோதனையால்தான் விலகும். நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை எடுத்துத் தினமும் இப்படிச் செய்து பார்ப்பது, விலை கொடுத்து வாங்கும் பயிற்சி நூல்களைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

கட்டுரைக்கு, எதிர்த்தரப்பின் வலுவான காரணத்தையும் உங்களால் சொல்ல முடிகிற தலைப்பையே தேர்ந்தெடுங்கள். “சிறைவாசிகளுக்கு வாக்குரிமை வேண்டுமா?” என்பது தலைப்பானால், குற்றம் செய்தவர் சமூக ஒப்பந்தத்தை, அதாவது பொது விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்வோம் என்ற எழுதப்படாத உடன்பாட்டை, மீறியவர் என்ற வாதத்தை முழு வலுவோடு முன்வைத்து, பிறகு சிறு குற்றத்துக்கும் பெருங்குற்றத்துக்கும் ஒரே தடை பொருந்துமா என்று கேட்டு நகரலாம். பிரிட்டனின் ஒட்டுமொத்தத் தடை மனித உரிமைகளுக்கு முரணானது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்ததைக் குறிப்பிடலாம். அது தெரியாவிட்டாலும் காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும். ஐந்து நிமிடம் திட்டமிட்டு, முப்பது நிமிடம் தட்டச்சிட்டு, எஞ்சியதைத் திருத்தத்துக்கு வையுங்கள். 500 முதல் 600 சொற்கள் போதும். 750ஐத் தாண்டக் கூடாது.

பின்சேர்க்கை: கட்டுரைக்கு மதிப்பெண் இல்லையென்றால் அதற்கு ஏன் உழைக்க வேண்டும் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். 42க்கு எத்தனை என்ற மதிப்பெண் முதல் பகுதிக்கு மட்டுமே உண்டு என்பது உண்மைதான்; ஆனால் கட்டுரை நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கு அப்படியே அனுப்பப்படுகிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவையே முடிவு செய்கின்றன. ஒரு சேர்க்கை ஆண்டில் ஒருமுறைதான் இத்தேர்வை எழுத முடியும் என்பதால், இரு பகுதிகளையும் ஒரே அமர்வில் எழுதிப் பழகிய பிறகே தேர்வு நாளை முன்பதிவு செய்யுங்கள்.