அலுவலக மெயிலைக் கிளவுடுக்கு மாற்றியபின் கடிதங்கள் ஸ்பேமில் விழாமல் காப்பது எப்படி?

மெயில் சர்வரைக் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் டிஸ்க் நிரம்புவது, பாதுகாப்பு அப்டேட் போடுவது ஆகிய தொல்லைகள் சேவை தருபவரின் பொறுப்பாகிவிடும். ஆனால் உங்கள் டொமைனின் பெயரில் யார் யார் கடிதம் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் (டொமைன்களுக்கான பொதுப் பதிவேட்டில்) அறிவிக்கும் வேலை உங்களிடமேதான் இருக்கும். அது பிசகினால் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லும் பதிலும் ஸ்பேமுக்குள் போய்விடும். பெருமளவில் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப் (அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (கடிதத்தில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவ்விரண்டில் எதுவும் உங்கள் டொமைனுக்குத் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றும் கட்டாயம் என்று 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் விதித்துவிட்டன. டிஎன்எஸ் பேனலில் பதிவு சேர்க்கத் தெரிந்தவர் நீங்கள் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதலில், உங்கள் டொமைனிலிருந்து மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்: பில்லிங் மென்பொருள், செய்திமடல் சேவை, இணையதளத்தின் தொடர்புப் படிவம். ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் பிரிண்டர் யாருக்கும் நினைவுக்கு வராது, அதையும் எழுதுங்கள். மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) டிடிஎல்லை, அதாவது பிற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைத்து வையுங்கள். பழைய கடிதங்களை ஐமேப் (மெயில் பெட்டியைப் படிக்கும் நெறிமுறை) வழியாக நகலெடுப்பது நேரம் பிடிக்குமே தவிர, கடினமன்று.

பலரும் தடுக்கி விழும் இடம் எஸ்பிஎஃப். புதிய சேவை தரும் வரியை அப்படியே இரண்டாவது பதிவாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம் என்பதால், இரண்டு இருந்தால் பெறும் சர்வர் பிழை என்று முடிவுகட்டி இரண்டையுமே ஒதுக்கிவிடும். எல்லா இன்க்ளூட்களையும் (வேறொரு சேவையின் பட்டியலைச் சுட்டும் பகுதிகள்) ஒரே வரியில் சேருங்கள். அதிலும் ஒரு வரம்பு உண்டு: அந்த வரியைப் படித்து முடிக்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்படக் கூடாது, ஓர் இன்க்ளூடுக்குள் அடங்கிய இன்க்ளூட்களும் இந்தக் கணக்கில் வரும். ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்தால் அது தேடலாகாது. செய்திமடலுக்குத் தனியாக ஒரு சப்டொமைன் ஒதுக்குவதே என் விருப்பம். வரம்பும் மிஞ்சாது, விளம்பர மெயிலுக்கு வரும் ஸ்பேம் புகார்கள் பில் போகும் வழியைக் கெடுப்பதும் குறையும்.

கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் சாவியை டிஎக்ஸ்டி பதிவாகவோ (சாவியையே எழுதும் வரி) சிநேம் ஆகவோ (சேவையின் பதிவைச் சுட்டும் வரி) தருவார்கள். சிநேம் கிடைத்தால் அதையே எடுங்கள், சாவியை மாற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்ள முடியும். டிஎக்ஸ்டி என்றால், 2048 பிட் சாவி ஒரு துண்டுக்கு உள்ள 255 எழுத்து வரம்புக்குள் அடங்காது. பேனல் தானாகப் பிரிக்காவிட்டால் தனித்தனி மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு துண்டாகப் போட வேண்டும். சேர்த்தபின் பேனல் காட்டுவதை நம்பாமல், டிக் (டிஎன்எஸ் பதிவைக் கேட்டுக் காட்டும் கருவி) கட்டளையால் நேம்சர்வரையே கேட்டுப் பாருங்கள்.

டிமார்க்கை "நன்" (எதையும் தடுக்காத) கொள்கையில் தொடங்கி, அறிக்கைகள் வந்துசேர ஒரு முகவரி கொடுங்கள். பட்டியலில் விட்டுப்போன சேவை அந்த அறிக்கைகளில் தலைகாட்டும். எல்லாம் தேறிய பிறகே "குவாரன்டைன்" (தேறாததை ஸ்பேமுக்குள் தள்ளுவது), அதன்பின் "ரிஜெக்ட்" (ஏற்காமல் திருப்புவது).

பின்சேர்க்கை: எஸ்பிஎஃப் தேறியும் டிமார்க் ஏன் தோற்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். செய்திமடல் சேவைகள் பெரும்பாலும் திரும்பிவரும் கடிதங்களுக்குத் தங்கள் டொமைனையே வைத்திருக்கும். எஸ்பிஎஃப் சரிபார்ப்பது அதைத்தான். டிமார்க்கோ, அனுப்புநர் வரியில் தெரியும் உங்கள் டொமைனோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. அந்தச் சேவையில் உங்கள் டொமைனுக்கே டிகேஐஎம் இயக்கிவிட்டு, ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி "ஷோ ஒரிஜினல்" திறந்தால், மூன்றுக்கும் நேரே "பாஸ்" என்று இருக்க வேண்டும்.