பங்கின் எதிர்காலத்தைத் திட்டமிடும்போது மலையகத்துக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் சபை, என்றால் டவுனில் இருக்கும் பெரிய கோயிலோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றி நாலைந்து தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, சில பிரிவுகளில் தகரம் போட்ட ஒரு சின்னக் கோயில், அங்கே மாதம் ஒரு பூசை. கண்டி மறைமாவட்டத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் போனாலும், 1972இல் அதிலிருந்து பிரிந்த பதுளை மறைமாவட்டத்தில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் போனாலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான்.

இப்படி ஒரு பங்குக்கு “அடுத்த பத்து வருசத்துக்கு என்ன செய்யப் போகிறோம்” என்று யோசிக்கப் பொதுநிலையினரை, அதாவது குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகளை, கூட்டிக் குழு போடுவது நல்ல காரியம். முதல் கூட்டத்துக்கு எல்லோரும் ஆசையோடு வருகிறார்கள். அப்புறம் மெல்ல மெல்ல ஆள் குறைந்து, கடைசியில் திருவிழாக் குழு மட்டும் மிஞ்சுகிறது. ஆட்களுக்கு அக்கறை இல்லாததால் இப்படி ஆவதாக எனக்குத் தோன்றவில்லை. தொடக்கத்திலேயே செய்துவிடும் சில தவறுகள் இதற்குக் காரணம். தோட்டத்து ஆட்கள் இல்லாமலே தோட்டங்களைப் பற்றித் தீர்மானிப்பதுதான் அவற்றில் பெரியது.

அதிகாரம் எதுவரை என்று தெரியாமல் உட்காருவது

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்கில் இரண்டு அமைப்புகளைப் பற்றிப் பேசுகிறது. 537ஆம் பிரிவு சொல்வது நிதிக் குழு. அது ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். 536ஆம் பிரிவு சொல்வது மேய்ப்புப்பணிச் சபை, நாம் பேச்சில் பங்குச் சபை என்கிறோமே, அது. குருக்கள் மன்றத்தைக் கேட்டபின் ஆயர் தகுமென்று கருதினால் அதை அமைக்க வேண்டும். பங்குத்தந்தைதான் தலைமை தாங்குவார். சபைக்கு இருப்பது ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. 2024 ஒக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றம், இந்தச் சபைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தன் இறுதி ஆவணத்தில் வலியுறுத்தியிருக்கிறது.

இது தெரியாமல் உட்கார்ந்தால் இரண்டு விதமாகச் சறுக்கும். சில இடங்களில் உறுப்பினர்கள் பிரதேச சபையில் இருப்பதுபோல வாக்கெடுப்பு நடத்தி, “பெரும்பான்மை நாங்கள், ஃபாதர் கேட்டே ஆகவேண்டும்” என்று நிற்பார்கள். அது மனக்கசப்பில் முடியும். வேறு சில இடங்களில் ஃபாதர் ஏற்கனவே முடிவு எடுத்துவிட்டு, கையைத் தூக்கச் சொல்வதற்காகக் கூட்டம் வைப்பார். இரண்டாவது தவறு இன்னும் கெட்டது. சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை, ஆனால் நல்ல ஆட்கள் வராமல் நின்றுவிடுவார்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி சுலபமானது. முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எதை ஆயர் மட்டுமே முடிவு செய்வார், எதைப் பங்குத்தந்தை எங்களைக் கேட்டு முடிவு செய்வார், எதை நாங்களே பொறுப்பெடுத்துச் செய்யலாம். கடைசி வரிசையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நோயாளிகளைச் சந்திப்பது, ஞாயிறு மறைக்கல்வி, அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் செபக் கூட்டம்), சாவு வீட்டில் செபம் நடத்துவது எல்லாம் அதில் வரும். ஃபாதர் சபையின் கருத்துக்கு மாறாக முடிவெடுத்தால் காரணத்தை அடுத்த கூட்டத்தில் சொல்வார் என்பதையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். சட்டம் ஆலோசனை என்றுதான் சொல்கிறது, சரி. கேட்ட ஆலோசனைக்கு ஒரு பதில் கொடுப்பது மரியாதை.

டவுன் ஆட்களை வைத்தே குழு போடுவது

பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஓய்வுபெற்ற அதிபர், கடைக்காரர், வங்கியில் வேலை செய்பவர், தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர். எல்லோரும் நல்லவர்கள், கோயிலுக்கு உழைத்தவர்கள். ஆனால் ஞாயிறு பூசையில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தப் பட்டியலில் எங்கே?

“கூப்பிட்டோம், அவர்கள்தான் வரவில்லை” என்று சொல்வார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சனிக்கிழமை மாலை 5 மணி, டவுன் கோயில் மண்டபத்தில். அந்த நேரத்தில் ஒரு தோட்டத்துப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள்? காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போனவள், கடைசி நிறுவை முடிந்து அப்போதுதான் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து படி ஏறி லயத்துக்கு, தன் வரிசை வீட்டுக்கு, வருவாள். தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளையின் பாடக் கொப்பியைப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் மழையும் அட்டைக் கடியும். இவ்வளவுக்கும் பிறகு டவுனுக்கு வந்தால், கூட்டம் முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அரைநாள் சம்பளம். அவள் வராததற்கு அக்கறையின்மை என்று பெயர் வைப்பது அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கொழுந்து நிறைய வரும் காலத்தில் ஞாயிறும் கைக்காசு வேலை இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அந்தக் காசு பெரிது.

கூட்டத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதுதான் சரியான வழி. மாதாந்தப் பூசைக்கு ஃபாதர் அந்தப் பிரிவுக்குப் போகும் அன்றே, பூசை முடிந்த கையோடு அந்தச் சின்னக் கோயிலிலேயே முக்கால் மணி நேரம் உட்காரலாம். டவுன் உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் வேனில் வரட்டும். ஏறும் அந்தப் பாதையே அவர்களுக்கு ஒரு பாடம். அங்கே கேட்கும் கேள்வியும் எளிதாக இருக்க வேண்டும். “பங்கின் தொலைநோக்கு என்ன” என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். “போன வருசம் உங்கள் வீட்டில் சுகமில்லாமல் போனபோது கோயிலில் இருந்து யாராவது வந்தார்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது.

அந்தப் பேச்சில் கஷ்டமான விஷயங்களும் வரும். சில குடும்பங்கள் வேறு செபக்கூட்டங்களுக்குப் போயிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், நோய் நேரத்தில் அந்தப் போதகர் வந்தார், நம்மவர் யாரும் வரவில்லை என்பார்கள். அவர்களைக் குறை சொல்லாமல் அதைத் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பெண்கள் பேசும்போது உத்தியோகத்தரோ தலைவரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாதி விஷயம் வெளியே வராது. பெண்களுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கி, ஒரு சிஸ்டரையோ அவர்களில் ஒருவரையோ பேச்சை நடத்த விடுங்கள்.

கணக்குப் பார்க்காமல் யோசிப்பது

கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பங்கும் இவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது 535ஆம் பிரிவு. திட்டத்துக்குத் தேவையான உண்மை பெரும்பாலும் அவற்றில்தான் கிடக்கிறது. யாரும் திறப்பதில்லை.

1995, 2005, 2015, 2025 என்று நாலு வருடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, டவுனுக்கு ஒரு நிரல், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நிரல். எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம், எத்தனை அடக்கம் என்று முகவரியைப் பார்த்துப் புள்ளடி போட்டுக்கொண்டே வாருங்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு அலுவலகத்திலேயே இருந்து செய்யுங்கள். எண்ணிக்கையை மட்டும் எடுங்கள், பக்கங்களைப் போனில் படம் எடுக்க வேண்டாம். அவற்றில் குடும்பங்களின் அந்தரங்கம் இருக்கிறது.

ஒரு பிரிவில் ஞானஸ்நானம் குறைந்துகொண்டே போய், அடக்கம் மட்டும் அப்படியே இருந்தால் என்ன அர்த்தம்? பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், பெற்றோர் லயத்தில் இருக்கிறார்கள். அங்கே புது மறைக்கல்வி மண்டபம் தேவையில்லை. முதியவர்களுக்கு வாராவாரம் நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுபோகக்கூடிய, பயிற்சி பெற்ற நற்கருணைப் பணியாளர் ஒருவர் தேவை. பக்கத்துப் பிரிவில் நிலைமை நேர்மாறாக இருக்கலாம். கணக்குப் பார்க்காவிட்டால் இரண்டுக்கும் ஒரே திட்டம் போட்டுவிடுவோம்.

பூசைக்கு வருபவர்களை எண்ணும்போது நத்தாரையும் திருவிழாவையும் விட்டுவிடுங்கள். அப்போது கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் வந்திருப்பார்கள், கோயில் நிரம்பியிருக்கும். காணிக்கையும் அப்படித்தான்: சம்பளம் போட்ட வாரத்தின் காணிக்கையை வைத்து வருட வரவைக் கணித்தால் கணக்குப் பிழைக்கும்.

கட்டிடத்தில் தொடங்குவது

குழு கூடியதும் யாராவது ஒருவர் மண்டபத்தின் வரைபடத்தோடு வருவார். கட்டிடம் கண்ணுக்குத் தெரியும், கல்லில் பெயர் போடலாம், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் காசு கேட்பதும் சுலபம். அதனால்தான் பல பங்குகளில் திட்டம் என்றாலே கட்டிடம் என்றாகிவிட்டது.

ஆனால் மலையகத்தில் கட்டிடத்துக்கு முன்னால் நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். தோட்டக் கோயில்கள் பல, பழைய துரைமார் (தோட்ட அதிகாரிகள்) விட்டுக்கொடுத்த துண்டு நிலத்தில் நிற்கின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. இடையில் அந்தக் கோயில் நிலத்துக்கு மறைமாவட்டத்தின் பெயரில் ஏதாவது ஆவணம் ஆனதா? ஆகாத இடத்தில் லட்சக்கணக்கில் செலவழித்துச் சுவர் எழுப்புவதற்கு முன், ஆயர் இல்லத்திலும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மண். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் என்ன செய்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். சரிவில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைப் பெறுங்கள். “கோயில்தானே, யார் கேட்கப் போகிறார்கள்” என்று விடக்கூடாது. ஆபத்து வந்தால் லயத்து மக்கள் ஓடிவந்து ஒதுங்கும் இடமே கோயில்தான். எந்தக் கோயில் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது, எது இல்லை, பாய், போர்வை, சமையல் பாத்திரம் எங்கே வைப்பது என்று எழுதுவது எந்த மண்டபத்தையும்விட அவசரமான திட்டம்.

வதந்திக்கு இடம் கொடுப்பது

“மேற்பிரிவுக் கோயிலை மூடப் போகிறார்களாம்.” குழு பூசை நேரங்களை மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்கிய மறுநாளே இந்தப் பேச்சு லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தாத்தா பாட்டி சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய கோயில் அது, பயப்படாமல் என்ன செய்வார்கள்.

ஒரு பங்கை உருவாக்குவதும் கலைப்பதும் மாற்றுவதும் ஆயரின் கையில் மட்டுமே இருக்கிறது, அதுவும் குருக்கள் மன்றத்தைக் கேட்ட பிறகு. இது 515ஆம் பிரிவு. குருக்கள் பற்றாக்குறையோ மறைமாவட்டத்தின் பொதுவான பணநிலையோ ஒரு பங்கைக் கலைக்கப் போதுமான காரணம் ஆகாது என்று வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் 2020இல் வெளியிட்ட அறிவுறுத்தலும் சொல்கிறது. தோட்டத்துச் சின்னக் கோயில் தனிப் பங்கு இல்லைதான், இருந்தாலும் குழுவுக்கு அதை மூடும் அதிகாரம் இல்லை. இதை முதலிலேயே, பூசை முடிவில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். பூசை நேரம் மாறுவதாக இருந்தால் அந்தப் பிரிவுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு வருவது போதாது.

மொழியும் இளைஞரும்

சிங்களப் பூசையும் தமிழ்ப் பூசையும் நடக்கும் பங்குகளில் கூட்டம் ஒரு மொழியிலேயே ஓடிவிடும். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். கூட்டக் குறிப்பு இரண்டு மொழியிலும் இருக்கட்டும், ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் ஒருவர் மற்ற மொழியில் சுருக்கிச் சொல்லட்டும். கூட்டம் அரைமணி நேரம் நீளும், நீளட்டும்.

இளைஞர்களைக் கதிரை அடுக்கவும் கொடி கட்டவும் கூப்பிட்டு, திட்டம் பேசும்போது மறந்துவிடுகிறோம். குழுவில் 25 வயதுக்குக் குறைந்த இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் லயத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காசும் கைமாற்றமும்

புனித அந்தோனியார் திருவிழாவுக்கென்று கொடுத்த காசை மிச்சமிருந்தாலும் கூரைக்குத் திருப்பக்கூடாது. குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று 1267ஆம் பிரிவு சொல்கிறது. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கைத் தோட்டக் கோயில்களிலும் வாசியுங்கள். மாதம் நூறு ரூபாய் கொடுக்கும் ஒரு தாய்க்கு, அது எங்கே போனது என்று கேட்கும் உரிமை பெரிய நன்கொடையாளருக்கு இருக்கும் அளவுக்கு இருக்கிறது.

பங்குத்தந்தை மாறிப் போகும்போதுதான் பெரும்பாலான திட்டங்கள் நின்றுபோகின்றன. எல்லாம் அவர் தலையிலும் அவருடைய போனிலும் இருந்ததுதான் காரணம். ஒரு கோப்பு வையுங்கள்: அந்த முதல் நாள் தாள், பதிவேட்டு எண்ணிக்கை, நிலக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், யார் எதைப் பொறுப்பெடுத்தார்கள், எப்போது முடிப்பதாகச் சொன்னார்கள். ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று செயலாளரிடம், ஒன்று ஆயர் இல்லத்தில். புது ஃபாதர் வந்த முதல் மாதத்திலேயே கோப்பைக் கையில் கொடுத்து, மேற்பிரிவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், பூசைக்குப் பிறகு அங்குள்ள பெண்களோடு உட்காரவையுங்கள். அவர் திட்டத்தில் எதையாவது மாற்ற விரும்பினால், அதை அவர்களைக் கேட்டபின் மாற்றட்டும்.