தடுப்புத் தீவின் சதுப்பு எங்கே போகிறது? வான்படத்தில் பார்க்கும் விதம்

கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் தீவுகளைத்தான் தடுப்புத் தீவு என்கிறோம். கடல் பக்கம் மணல், காயல் பக்கம் உப்புச் சதுப்பு. இந்தச் சதுப்பு எவ்வளவு குறைந்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எப்படிக் குறைந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

முதலில் படங்கள். அமெரிக்கக் கரை என்றால் அந்நாட்டு நிலவியல் ஆய்வகத்தின் எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். விவசாயத்துக்காக 2003 முதல் எடுக்கப்படும் நைப் வான்படங்கள் பயிர் வளரும் பருவத்தில் எடுக்கப்படுவதால் சதுப்புப் புல்லும் பச்சையாகத் தெரியும். பிக்சல் 1 மீட்டர் அளவு, அண்மைய படங்களில் அதைவிடச் சிறியது. மற்ற கரைகளுக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, பிக்சல் 10 மீட்டர். 30 மீட்டர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் நீண்ட காலப் போக்கைப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் அரிப்பை அதில் தேடாதீர்கள்.

அப்புறம் ஓதம். உயர் ஓதத்தில் எடுத்த படத்தில் உயிரோடிருக்கும் புல்லும் தண்ணீருக்குள் மறைந்து, அழிந்ததுபோலத் தெரியும். அதனால் படம் எடுத்த நாளையும் நேரத்தையும் அருகிலுள்ள ஓதப் பதிவோடு ஒப்பிட்டு, ஒரே மாதிரி நீர்மட்டம் உள்ள படங்களையே ஜோடி சேருங்கள். பழைய படத்தில் நேரம் இல்லையா? ஓடைகளின் கரையில் சேறு வெளியே தெரிந்தால் நீர் இறங்கியிருக்கிறது. தேதி தெரிந்தால் நிழலின் திசையே நேரத்தைச் சொல்லிவிடும்.

படங்களைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பொருத்தும்போது கலங்கரை விளக்க அடித்தளம், சாலைச் சந்திப்பு போன்ற அசையாத புள்ளிகளைப் பிடியுங்கள். கட்டடமே இல்லாத தீவில், சதுப்பின் உள்ளே ஓடைகள் கூடும் இடம் பரவாயில்லை. கடற்கரை ஓரத்தை நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பதிந்த பட்டையைச் சிவப்பாகக் காட்டினால் புல் சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் பிரியும். எல்லாப் படங்களையும் 1:1000 போல ஒரே வரைபட அளவுகோலில் வைத்து, நீரின் விளிம்பை விட்டுவிட்டுப் புல்லின் விளிம்பை வரையுங்கள்.

இனி, புல் போன இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். காயல் ஓரம் பின்வாங்கியிருந்தால் அலை அரிப்பு. நடுவில் குட்டைகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்தால், சதுப்பு உள்ளிருந்தே மூழ்குகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். விசிறி வடிவில் வெள்ளை மணல் ஏறியிருந்தால் அது புயலலை கொண்டுவந்தது. அதை உடனே இழப்புக் கணக்கில் எழுதாதீர்கள். மெல்லிய மணல் என்றால் அதைத் துளைத்துப் புல் மீண்டும் வரும், நிலமும் உயரும். தீவே இப்படித்தான் மெல்ல உள்நோக்கி நகர்கிறது. கடல் பக்க மணலில் கறுத்த பட்டை தெரிந்தால், அது ஒருகாலத்தில் பின்பக்கமாக இருந்த பழைய சதுப்பு மண். மணல் வராமல் பறிபோனால்தான் ஆபத்து: 2005இல் கத்ரீனா புயல் லூசியானாவின் சாண்டலியர் தீவுகளின் மணலில் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. மிஞ்சிய சதுப்பு நேரடியாக அலைக்கு முன் நின்றது.

பிழையையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் விளிம்பின் இடத்தில் 3 மீட்டர் பிழை என்றால், இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க, சேர்த்து சுமார் 4.2 மீட்டர். 4 மீட்டர் பின்வாங்கல் என்று வந்தால் அதை மாற்றம் என்று எழுத முடியாது.

புயலுக்குப் பின் கிடைத்த முதல் படத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒதுங்கிய காய்ந்த தண்டுக் குவியல்கள் புல்லை மூடியிருக்கலாம். அடுத்த வளர்பருவப் படம் வரும்வரை அந்த இடங்களைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.