தண்ணீர் இழுக்கும் நேரம்: ஜப்பானிய மண்சுவர்ப் பூச்சைச் செய்து பழகுதல்

தண்டையார்பேட்டையில் எந்த வீட்டில் பூச்சு வேலை நடந்தாலும், கொத்தனார் கலவையை அடித்துவிட்டு, "தண்ணி இழுக்கட்டும்" என்று சொல்லிச் சற்று நேரம் காத்திருப்பதைப் பார்க்கலாம். ஜப்பானில் சக்கான் எனப்படும் பூச்சுக் கைவினைஞர்களும் இதையே 'மிசுஹிகி' என்கிறார்கள். மிசு என்றால் தண்ணீர், ஹிகி என்றால் இழுத்தல். மரக் கட்டடங்களைப் பேணும் ஜப்பானிய மரபுத் திறன்களை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டு தன் பட்டியலில் சேர்த்தபோது, இந்தப் பூச்சுக்கலையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. முழுச் சுவருக்குப் போகும் முன், 3 அடிக்கு 2 அடி மரச்சட்டம் ஒன்றில் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

முதல் வேலை மண்ணைப் புளிக்க வைப்பது. களிப்புள்ள ஏரி மண்ணோடு 3 முதல் 6 சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிய வைக்கோலைச் சேர்த்து, காலால் மிதித்துக் குழைத்து, மூடியுள்ள தொட்டியில் போட்டுவிட வேண்டும். ஜப்பானில் இதை மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். வைக்கோல் அழுகி மண் கருத்து, நாற்றமெடுத்து, பசைபோல இழுபடத் தொடங்கும். அந்த நாற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், மண் பக்குவப்படுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். புரட்டாசியில் ஊறப்போட்டால், மழைக்காலம் முழுவதும் புளித்து, காற்று உலரத் தொடங்கும் தை மாதத்தில் பூசத் தயாராகிவிடும். கொசு முட்டையிடும் என்பதால் தொட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. எண்ணூர், காசிமேடு பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பின்னால் சுவரில் உப்புப் பூக்கும். மெட்ரோ குடிநீரையே பயன்படுத்துங்கள்.

சட்டத்துக்குள் மூங்கில் பிளாச்சுகளை நெடுக்கும் குறுக்குமாக, இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கயிற்றால் கட்டுங்கள். இந்தப் பின்னலுக்குக் 'கொமாய்' என்று பெயர். ஜப்பானியர் வைக்கோல் கயிற்றால் கட்டுவார்கள். நம்மிடம் கிடைக்கும் தென்னங்கயிறும் மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இனிக் கருவிகள். ஜப்பானியப் பூச்சுக் கரண்டிக்குக் 'கொத்தே' என்று பெயர். கொத்தனார் என்ற நம் சொல்லோடு அது ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்தான் என்றாலும், முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இன்று பெரிதும் புழங்கும் வகையில் பிடியின் கழுத்து தகட்டின் பின்முனையில் இல்லாமல் நடுவில் அமைந்திருப்பதால், கையின் அழுத்தம் தகடு முழுவதும் சமமாகப் பரவுகிறது. ஹியோகோ மாகாணத்திலுள்ள மிக்கி நகரம் இக்கரண்டிகளுக்குப் பெயர்பெற்றது. முதலில் பூசும் முரட்டுப் பூச்சுக்கும் அதன்மேல் வரும் நடுப்பூச்சுக்கும் மென்மையான இரும்பில் செய்தது, கடைசியில் அழுத்தி மெருகேற்ற நன்கு கடினமாக்கிய எஃகில் செய்தது என, வேலைக்கு ஏற்ப உலோகமே மாறும். இவற்றோடு கலவை ஏந்த அடியில் பிடி வைத்த பலகை ஒன்றும், மரவிளிம்பைத் துடைக்கச் சிறு தூரிகை ஒன்றும் வேண்டும். நம் ஊர்க் கரண்டியோடும், பூச்சைத் தேய்த்துச் சமனாக்கும் மணியாஸ் கட்டையோடும் தொடங்கலாம், தவறில்லை; ஆனால் மெருகேற்றும் கரண்டியின் விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் அது சுவரில் கோடாக விழும். கடற்காற்றில் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும் என்பதால், அன்றன்றைக்கே கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

புளித்த மண்ணில் புது வைக்கோலைக் கொஞ்சம் சேர்த்துக் குழைத்து, பின்னலின் இடைவெளிகளுக்குள் புகுந்து மறுபக்கம் பிதுங்கும் அளவுக்கு அழுத்திப் பூசுங்கள். பிதுங்கிய மண்ணைத் தடவி அமர்த்திய பிறகு பின்பக்கத்தையும் பூச வேண்டும். இதுதான் முரட்டுப் பூச்சு. இது முற்றிலும் காயப் பல வாரங்கள் ஆகும். என் முதல் சட்டத்தை மொட்டை மாடி வெயிலில் நேராக வைத்துவிட்டேன். மறுநாளே மண் மரத்தை விட்டு விலகி, ஓரமாகப் பெயர்ந்து நின்றது. அதன் பிறகு காற்று மட்டும் வரும் நிழலில்தான் காயவைக்கிறேன். முரட்டுப் பூச்சில் சிறு வெடிப்புகள் விழட்டும், நடுப்பூச்சு அவற்றைப் பற்றிக்கொள்ளும். நடுப்பூச்சுக்குச் சலித்த மண்ணும் மணலும் ஏறக்குறைய சம அளவு. வைக்கோல் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

மேற்பூச்சின் கனம் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். கியோத்தோவில் இதற்குப் புகழ்பெற்ற மண் 'ஜுராக்கு'. தொயோதோமி ஹிதெயோஷி கட்டிய ஜுராக்குதாய் அரண்மனை இருந்த பகுதியின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. நான் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்து, நுண்மணலும் வைக்கோல் தூளும் சேர்த்துப் பூசுகிறேன். பூசிய உடனே மேற்பரப்பு ஈரத்தில் பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஓரங்களிலிருந்து மெல்ல மங்கி நடுவை நோக்கி வரும்போது, ஓரத்தில் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். மண் விரலில் ஒட்டினால் நேரம் வரவில்லை. ஒட்டாமல் மெல்லிய பள்ளம் மட்டும் விழுந்தால் அதுவே சரியான தருணம். பள்ளமே விழாவிட்டால் நேரம் கடந்துவிட்டது, அதற்குமேல் தேய்த்தால் தோல் உரிந்து கரண்டியோடு வந்துவிடும். சரியான தருணத்தில் எஃகுக் கரண்டியின் முன்விளிம்பை மயிரிழை அளவு தூக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் இழுங்கள். பிறகு ஈரத் தூரிகையால் மரவிளிம்பைத் துடைத்துவிட்டு, சட்டத்தை நிழலில் சாய்த்து வையுங்கள்.