கசடு கொட்டும் முன் மண்ணைப் பாருங்கள்

மூன்று வருடம் முன்பு, சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக் காய்ந்த கசடு ஒரே லோடை நானும் மச்சானும் பங்கு போட்டோம். அவருக்கு சூலூர் பக்கம் கரிசல், எனக்குக் கோத்தகிரியில் அரை ஏக்கர் பீன்ஸ். அவர் சோளம் ஜம்மென்று வந்தது. என் பீன்ஸ் குட்டையாக நின்றுவிட்டது. கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. தழைச்சத்துக் குறை என்றால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும். அதை மறந்து யூரியா போட்டேன். அது மண்ணின் புளிப்பை இன்னும் ஏற்றியது.

மண் பரிசோதனையில் என் மண்ணின் பி.எச். (புளிப்பு, கார அளவு; 7-க்குக் கீழ் புளிப்பு) 4.9. பீன்ஸைக் கெடுத்தது கசட்டிலிருந்த துத்தநாகம்; அது இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். அவர் மண் பிடித்து வைத்துக்கொண்டது, என் புளிப்பு மண் வேருக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

கசடு தருபவரிடம் உலோக அறிக்கை கேளுங்கள். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு வைத்த வரம்பு, கிலோவுக்கு மில்லிகிராமில்: காட்மியம் 5, நிக்கல் 50, ஈயம் 100, துத்தநாகம் 1000. கசட்டுக்கும் நான் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஆனால் இது மொத்த அளவு. செடிக்கு எவ்வளவு போகும் என்பதை மண்தான் முடிவு செய்யும்.

பி.எச். 5-க்குக் கீழ் என்றால் கசடே வேண்டாம். பிரிட்டனில் சட்டமே தடுக்கிறது. சுண்ணாம்பு போட்டு பி.எச்.-ஐ 6.5 வரை ஏற்றிவிட்டுப் போடுங்கள். எவ்வளவு சுண்ணாம்பு என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள், கண்ணளவு வேண்டாம். உருளை போடுகிறவர்கள் கவனம், சுண்ணாம்பு கூடினால் கிழங்கில் சொறி வரும்.

அடுத்து, ஈரமண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி வளையமாக வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் களி அதிகம், உலோகத்தைப் பிடிக்கும். உதிர்ந்தால் மணல், அளவைக் குறையுங்கள். கசட்டிலுள்ள மக்கும் பொருளும் பிடிக்கும்தான், ஆனால் அது வருடா வருடம் கரையும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பரிசோதனை.

துத்தநாகம் மிஞ்சினால் செடியே காட்டிக்கொடுக்கும். காட்மியம் அப்படியில்லை: பாலக், லெட்டூஸ் இலையில் ஏறியும் செடி செழிப்பாகவே நிற்கும். கசடு போட்ட பாத்தியில் நான் கீரை வகை வைப்பதில்லை.

மச்சானுடைய கரிசல் போன்ற கார மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மாலிப்டினம் அங்கேதான் இளகும்; தீவனம் வழியாக மாட்டுக்குப் போய்த் தாமிரக் குறையை உண்டாக்கும். மச்சான் சோளத்தட்டை மாட்டுக்குத்தான் போடுகிறார். அடுத்த லோடு வாங்கும்போது அறிக்கையில் மாலிப்டினமும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.