முள்கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் பாதை

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஒருநாள் முள்கம்பி. தேயிலைத் தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் போட்டது. கொழுந்து மூட்டையோடு வந்த அம்மா கம்பியைப் பார்த்து நின்றுவிட்டு, மூன்று வளைவு சுற்றி நடந்தார். எனக்குத் தாங்கவில்லை.

சர்வே எண்ணை வைத்து புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) எடுத்தேன். மேல்பாதி பாதைப் புறம்போக்கு. தாசில்தாருக்கு மனு கொடுத்தோம், சர்வேயர் அளந்தார், கம்பி போனது. கீழ்ப்பாதிதான் சிக்கல், அது தோட்டக்காரர் பட்டா. ஆனால் 1882 வசதியுரிமைச் சட்டம், 15வது பிரிவு: 20 வருடம் வெளிப்படையாக, தகராறின்றி, இடைவிடாமல், உரிமையாக நடந்திருந்தால் வழியுரிமை, அதாவது அடுத்தவர் நிலம் வழியே போகும் உரிமை, உண்டு. மறித்த பிறகு வருடக்கணக்கில் சும்மா இருந்தால் அது கைவிட்டுப் போகும்.

இத்தனை வருடம் நடந்த பாதை என்று பெரியவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு தோட்டக்காரரிடமே போனேன். "அண்ணா, வண்டி வேண்டாம், நடக்க மட்டும் விடுங்கள்." அவர் பயம் காட்டுமாடு உள்ளே வருவது பற்றி. நியாயம்தானே. அப்புறம் இரண்டு கல்தூண் நட்டோம், ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளியில். மூட்டையை மட்டும் தூணுக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும்.